தொடும் கையும் கேட்கும் கையும்

வலிக்கும் இடத்தை நோக்கிக் கை தானாகவே செல்கிறது. விழுந்து முழங்காலில் அடிபட்ட குழந்தை, அழத் தொடங்குமுன்பே அவ்விடத்தைப் பற்றிக்கொள்கிறது. ஓடிவரும் தாயும் அதே இடத்தைத்தான் தேய்த்துவிடுகிறாள். யாரும் கற்பிக்காத மருத்துவம் இது. மருந்தும் கத்தியும் வருவதற்கு வெகு காலம் முன்னரே மனிதனிடம் இருந்த மருத்துவக் கருவி அவனுடைய கைதான்.

அந்தக் கையின் வரலாற்றில் இரண்டு கிளைகளை இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, மசாஜ் என உலகெங்கும் அறியப்படும் உடல் பிடித்துவிடும் கலை. மற்றொன்று, கிரேனியோசேக்ரல் தெரபி எனப்படும் மண்டையோட்டு - திரிகச் சிகிச்சை. திரிகம் என்பது முதுகெலும்பின் அடியில், இடுப்பெலும்புகளுக்கு நடுவே முக்கோண வடிவில் அமைந்த எலும்பு. உலகின் பல நகரங்களில் இவ்விரண்டும் ஒரே பெயர்ப்பலகையில் அடுத்தடுத்து எழுதப்படுகின்றன. பல இடங்களில் ஒருவரே இரண்டையும் செய்கிறார். ஆகவே, இரண்டும் ஒன்றே, ஒன்று சற்று அழுத்தம், மற்றொன்று சற்று மென்மை, அவ்வளவே என்று எண்ணத் தோன்றும். வரலாற்றைப் புரட்டினால் அந்த எண்ணம் நிலைக்காது. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாடு அழுத்தத்தின் அளவைக் காட்டிலும் ஆழமானது.

தேய்ப்பதும் பிசைவதும்

உடலைத் தேய்த்து நலம் காண்பது எந்த ஒரு நாட்டுக்கும் தனியுரிமை அன்று. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளில் தோன்றிய கிரேக்க மருத்துவ நூல்கள், ஹிப்போகிராட்டீசின் பெயரால் வழங்குபவை, இடம் பெயர்ந்த தோள்மூட்டைச் சரிசெய்த பின் அதை மென்மையாகத் தேய்த்துவிட வேண்டும் என்று கூறுகின்றன. தளர்ந்த மூட்டை இறுக்கவும் இறுகிய மூட்டைத் தளர்த்தவும் தேய்ப்பினால் இயலும் என்பது அவற்றின் கருத்து. நமது சித்த மருத்துவம் இக்கலையைத் தொக்கணம் என்று பெயரிட்டு, தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகையாகப் பகுத்துள்ளது. பெயர்களைப் படித்தாலே கை என்ன செய்கிறது என்பது விளங்குகிறது. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

மசாஜ் என்ற சொல்லோடு நம் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிசைதல், அழுத்திப் பிடித்தல் என்ற பொருளில் பிரெஞ்சு மொழியில் வழங்கிய வினைச்சொல்லின் தொடக்ககாலப் பதிவுகளுள் ஒன்று, வானியலறிஞர் லெ ழாந்தி எழுதி 1779-ல் வெளிவரத் தொடங்கிய இந்தியக் கடற்பயண நூலில் உள்ளது. சூரியனை வெள்ளிக்கோள் கடந்து செல்லும் காட்சியை 1769-ல் காண்பதற்காகப் புதுச்சேரியில் காத்திருந்து, அந்த நாளில் மேகம் மறைத்துவிட்டதால் காணமுடியாமற்போனவர் அவர். கீழை நாடுகளில் ஐரோப்பியர் கண்ட ஒரு வழக்கம், அவர்கள் மொழியில் ஒரு புதுச் சொல்லாகக் குடியேறியது.

ஐரோப்பாவில் இக்கலைக்கு ஒழுங்குமுறை அளித்தவர்கள் என்று இருவரைச் சொல்வர். முதலாமவர் சுவீடன் நாட்டின் பெர் ஹென்ரிக் லிங் (1776-1839). வாள்வீச்சு ஆசிரியராயிருந்த அவர், 1813-ல் ஸ்டாக்ஹோம் நகரில் அரசு உடற்பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினார். உடலசைவுகளைக் கொண்டு நோய் தீர்க்கும் முறையை அங்கே கற்பித்தார். இரண்டாமவர் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர் யோஹான் கேயோர்க் மெட்ஸ்கர் (1838-1909). கணுக்கால் சுளுக்குக்குத் தேய்ப்பு முறையில் சிகிச்சை செய்வது பற்றி 1868-ல் அவர் ஆய்வேடு அளித்தார். உருவுதல், பிசைதல், அழுத்தித் தேய்த்தல், தட்டுதல் என்று இன்றளவும் மசாஜ் பாடநூல்களில் இடம்பெறும் பகுப்பு, அவருடைய பள்ளியினரால் பரவியது. சுவீடன் மசாஜ் என்று உலகம் அழைக்கும் முறையில் லிங்கின் கையைவிட இந்த டச்சு மருத்துவரின் கையே அதிகம் தெரிகிறது.

நன்மதிப்புக்கான போராட்டம்

தொடுதலைத் தொழிலாகக் கொள்வோர் எக்காலத்திலும் ஓர் ஐயத்தின் நிழலில் வாழ்கிறார்கள். 1894-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ், லண்டனில் மசாஜ் நிலையம் என்ற பெயரில் நடந்த விபசார விடுதிகளை அம்பலப்படுத்தியது. நேர்மையாகத் தொழில் செய்த பெண்களின் நற்பெயரும் அதனால் கெட்டது. அவ்வாண்டே செவிலியப் பணியிலும் பேறுகாலப் பணியிலும் இருந்த நான்கு பெண்கள் கூடி, பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர் சங்கத்தைத் தோற்றுவித்தனர். மருத்துவரின் அறிவுறுத்தல் இன்றிச் சிகிச்சை செய்யலாகாது. ஆடவருக்குப் பொதுவான மசாஜ் செய்யலாகாது. கண்ட இடங்களில் விளம்பரம் செய்யலாகாது. நோயாளிகளுக்கு மருந்து விற்கலாகாது எனத் தமக்குத் தாமே வேலியிட்டுக்கொண்டனர். தேர்வு வைத்துச் சான்றிதழ் வழங்கினர்.

அந்தச் சிறு சங்கத்தின் வளர்ச்சி குறிப்பிடத்தக்கது. முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்காக மசாஜ் படையே அமைக்கப்பட்டது. 1920-ல் சங்கம் அரச பட்டயம் பெற்றது. 1944-ல் பட்டயம் பெற்ற பிசியோதெரபி சங்கம் எனப் பெயர் மாறியது. இன்று மருத்துவமனைகளில் நாம் காணும் பிசியோதெரபி என்னும் துறையின் பிரிட்டிஷ் வேர் அந்த நான்கு பெண்களின் கைகளில் இருக்கிறது.

பார்வையற்றோருக்கும் இக்கலை வாழ்வளித்தது. ஜப்பானில் 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற மருத்துவர், பார்வையற்றோருக்கு ஊசி மருத்துவமும் அன்மா என்னும் பிடித்துவிடும் கலையும் கற்பிக்கப் பள்ளி அமைத்தார். பிரிட்டனில் 1915-ல் தொடங்கப்பெற்ற செயின்ட் டன்ஸ்டன்ஸ் இல்லம், போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு மசாஜ் தொழிலைப் பயிற்றுவித்தது. கண் செய்யவேண்டிய வேலையைக் கை செய்தது. தசை எங்கே இறுகியிருக்கிறது, எங்கே வீங்கியிருக்கிறது என்பதை அவர்கள் விரலால் அறிந்தனர். அவர்கள் அறிந்ததை நோயாளியும் அறிந்தார். பக்கத்திலிருந்த மருத்துவரும் தொட்டுப் பார்த்து அறியமுடிந்தது.

ஒரு தந்தையின் துயரம்

இனி இரண்டாவது கிளைக்கு வருவோம். இதன் வேரைத் தேடிச் சென்றால் ஒரு சாவு வீட்டில் போய் நிற்கிறோம். ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் (1828-1917) என்பவர் அமெரிக்காவின் கான்சாஸ் பகுதியில் மருத்துவராயிருந்தார். அவர் தந்தை மெதடிஸ்ட் போதகர். 1864-ல் அவர் வீட்டுப் பிள்ளைகள் மூவரை மூளைச்சவ்வுக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மருத்துவர்கள் வந்தார்கள், போதகர்கள் வந்தார்கள், அன்று கிடைத்த மருந்துகள் அனைத்தும் கொடுக்கப்பட்டன. ஒன்றும் உதவவில்லை. பாதரச உப்பும் அபினும் சாராயமும் மருந்தென வழங்கிய காலம் அது. அந்த மருத்துவத்தின்மீது அவர் நம்பிக்கை இழந்ததில் வியப்பில்லை.

எலும்புகளும் மூட்டுகளும் தத்தம் இடத்தில் சீராக இருந்தால் குருதி தடையின்றி ஓடும். குருதி ஓடினால் உடல் தன்னைத்தானே நலப்படுத்திக்கொள்ளும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1874-ல் அம்முடிவை அறிவித்தார்; ஆஸ்டியோபதி என்று அதற்குப் பெயர் வைத்தார். 1892-ல் மிசூரி மாநிலத்தின் கெர்க்ஸ்வில் என்ற ஊரில் அதற்கென ஒரு கல்லூரி எழுந்தது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதிக் கல்லூரிகள் பிற்காலத்தில் பொது மருத்துவக் கல்வியை ஏற்றுக்கொண்டன; இன்று அங்கே பட்டம் பெறுவோர் மருந்து எழுதவும் அறுவை செய்யவும் உரிமையுள்ள முழு மருத்துவர்கள். இவ்வளர்ச்சியை நாம் இங்கே விட்டுவிட்டு, அக்கல்லூரியின் ஒரு மாணவரைப் பின்தொடர்வோம்.

மீனின் செவுள்

வில்லியம் கார்னர் சதர்லாந்து (1873-1954) பத்திரிகைத் தொழிலிலிருந்து கெர்க்ஸ்வில் கல்லூரிக்கு வந்தவர். 1899-ல், பிரித்து வைக்கப்பட்டிருந்த ஒரு மண்டையோட்டை அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டெலும்பின் விளிம்பு சரிவாகச் சீவினாற்போல் இருந்தது. மீனின் செவுள் போலல்லவா இருக்கிறது என்ற எண்ணம் அவருக்குள் மின்னியது. செவுள் எனில் அது அசையவேண்டும். அசைந்தால் அது ஒரு மூச்சு விடுதலுக்காக இருக்கவேண்டும். அந்த எண்ணம் அதன்பின் அவரை விடவேயில்லை.

வளர்ந்த மனிதனின் மண்டையோட்டு எலும்புகள் அசையா என்றே அவர் படித்த நூல்கள் கூறின. அதை நிலைநாட்டவேனும் சோதிப்போம் என்று, தோல்வார்களும் கவசங்களும் செய்து தம் தலையையே இறுக்கிச் சோதனை செய்தார். தலைவலியும் மனநிலை மாற்றங்களும் ஏற்பட்டன. அவர் மனைவி ஆடா அவற்றைப் பின்னாளில் எழுதிவைத்தார். இறுதியில் சதர்லாந்து ஒரு கோட்பாட்டை உருவாக்கினார். மூளைக்கென்று ஓர் அசைவு உண்டு. மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீர் ஏறி இறங்குகிறது. அதை உறைபோல் மூடிய வன்சவ்வு மண்டையோட்டையும் திரிக எலும்பையும் இணைத்து இழுக்கிறது. மண்டையெலும்புகள் அதற்கேற்ப அசைகின்றன. இந்த அசைவை முதன்மை மூச்சு என்றார். பயின்ற கை இதை உணரும், தடைப்பட்ட இடத்தில் மெல்லச் சீர்செய்யும் என்றார். 1939-ல் தம் கருத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். ஆயினும் அவர் காலத்தில் அது ஆஸ்டியோபதி மருத்துவர் சிலருக்கு மட்டுமே உரிய ஞானமாக இருந்தது.

அதை எல்லாருக்கும் திறந்துவிட்டவர் ஜான் அப்லெட்ஜர் (1932-2012). அவரும் ஆஸ்டியோபதி மருத்துவரே. 1970-ஐ ஒட்டி, கழுத்துப் பகுதியில் நடந்த ஓர் அறுவைச் சிகிச்சையில் அவர் துணைநின்றார். வன்சவ்வின்மேல் படிந்திருந்த சுண்ணாம்புப் படிவை மற்றொருவர் அகற்ற, சவ்வை அசையாமல் பிடித்திருப்பது அவர் வேலை. அது அசைந்துகொண்டே இருந்தது. நாடித்துடிப்புக்கும் ஒத்துவரவில்லை, மூச்சுக்கும் ஒத்துவரவில்லை என்று அவர் கண்டார். விடை தேடியபோது சதர்லாந்தின் நூல்களை அடைந்தார். 1975 முதல் 1983 வரை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். கிரேனியோசேக்ரல் தெரபி என்ற பெயர் அவர் தந்தது. 1985-ல் புளோரிடாவில் தம் பெயரால் ஒரு நிறுவனத்தை அமைத்து, மருத்துவரல்லாதோருக்கும் இதைக் கற்பித்தார். மசாஜ் தொழில் செய்வோர் பலர் அவ்வாறு பயின்றனர். ஒரே பெயர்ப்பலகையில் இரண்டும் அருகருகே வந்தது அப்படித்தான்.

இரண்டு கைகள்

இப்போது வேறுபாட்டைப் பார்ப்போம். மசாஜ் பெறுபவர் பெரும்பாலும் ஆடை தளர்த்தி, எண்ணெய் தடவப்பெற்றுப் படுத்திருப்பார். கை அவருடைய தோலையும் தசையையும் உருவுகிறது, பிசைகிறது, தட்டுகிறது. அழுத்தம் வலியின் விளிம்பு வரைகூடச் செல்லலாம். மண்டையோட்டு - திரிகச் சிகிச்சையிலோ ஆடை களையவேண்டியதில்லை, எண்ணெயில்லை. சிகிச்சை செய்பவர் தலையின் பின்புறத்தையோ திரிக எலும்பையோ பாதங்களையோ ஏந்தியவாறு, பல நிமிடங்கள் ஏறக்குறைய அசைவின்றி இருக்கிறார். அழுத்தம் 5 கிராம்தான் இருக்கவேண்டும் என்பது அப்லெட்ஜரின் அளவு. ஓர் அமெரிக்க ஐந்து சென்ட் நாணயத்தின் எடை அது. பார்ப்பவருக்கு அங்கே எதுவும் நடப்பதாகவே தெரியாது.

இவையெல்லாம் வெளித்தோற்ற வேறுபாடுகள். உள்ளே இருக்கும் வேறுபாடு இதுதான்: மசாஜ் செய்யும் கை ஒன்றைச் செய்கிறது, கிரேனியோசேக்ரல் கை ஒன்றைக் கேட்கிறது. தொக்கணத்தின் ஒன்பது பெயர்களும், மெட்ஸ்கர் பள்ளியின் பகுப்பும் கையின் செயலைக் குறிக்கும் வினைகள். நிமிடத்துக்கு 6 முதல் 12 தடவை எழுந்து தாழும் ஒரு தாளத்தை உணர்ந்தறிவதாகச் சொல்லும் சிகிச்சைக்கோ, செயலுக்கு முன் ஒரு செய்தி வேண்டும். அச்செய்தி உடலிலிருந்து கைக்கு வருகிறது என்பதே அதன் அடித்தளம். செய்தி உண்மையாயின், அதைக் கேட்கும் இரு கைகள் ஒன்றையே கேட்கவேண்டுமன்றோ?

கண்ணைக் கட்டிய சோதனைகள்

இவ்வகைக் கேள்வியை வரலாறு முன்பும் ஒரு முறை கேட்டிருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் பிரான்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர், உடல்களுக்கிடையே ஓடும் ஒருவகைக் காந்த ஆற்றலைக் கையால் செலுத்தி நோய் தீர்ப்பதாகக் கூறினார். மக்கள் திரண்டனர், பலர் மயங்கி விழுந்தனர், பலர் நலம் பெற்றதாகவும் சொன்னார்கள். 1784-ல் அரசர் பதினாறாம் லூயி ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார். பெஞ்சமின் பிராங்ளினும் வேதியியலறிஞர் லவாசியேயும் அதில் இருந்தனர். மெஸ்மரின் மாணவர் ஒருவர் பிராங்ளினின் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் ஆற்றல் ஊட்டினார். கண் கட்டப்பட்ட ஒரு சிறுவன் மரம் மரமாக நடத்திச் செல்லப்பட்டான். ஆற்றல் ஊட்டப்படாத மரத்தடியிலேயே அவன் மயங்கி விழுந்தான். மயக்கம் மெய், அதற்குக் காரணமெனச் சொல்லப்பட்ட ஆற்றல் மெய்யன்று. குழுவின் முடிவு அதுவே. ஆண்ட்ரூ ஸ்டில்லும் ஆஸ்டியோபதியை நிலைநாட்டுவதற்கு முன் சிறிது காலம் தம்மைக் காந்த மருத்துவர் என விளம்பரம் செய்துகொண்டவர் என்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

கிரேனியோசேக்ரல் தாளத்துக்கும் அத்தகைய சோதனைகள் நடந்தன. 1994-ல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இச்சிகிச்சையில் பயிற்சி பெற்ற மூவர் 12 பேரைத் தனித்தனியே தொட்டுத் தாளத்தை எண்ணினர். ஒரே மனிதரைப் பற்றி மூவர் தந்த எண்களுக்குள் ஒற்றுமை காணப்படவில்லை. 1998-ல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. 28 பேரைப் படுக்கவைத்து, ஒரே நேரத்தில் ஒருவர் தலையையும் மற்றொருவர் பாதங்களையும் பற்றினர். ஒருவரையொருவர் பார்க்கமுடியாதபடி மறைப்பு இருந்தது. உடல் முழுவதும் ஒரே தாளம் ஓடுமாயின் இருவரும் ஒன்றையே எண்ணியிருக்கவேண்டும். அவ்வாறு நிகழவில்லை. ஒருவர் கை கேட்ட தாளமும் மற்றவர் கை கேட்ட தாளமும் வெவ்வேறாயிருந்தன.

உடலமைப்பியலும் கோட்பாட்டுக்குத் துணைநிற்கவில்லை. மூளைத் தண்டுவட நீர் அசைவது மெய்யே. நம் உடலில் ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் அளவில் இருக்கும் அது, இதயத் துடிப்பாலும் மூச்சாலும் உந்தப்பட்டு ஓடுகிறது. மூன்றாவதாக ஒரு தனி உந்துவிசை நிறுவப்படவில்லை. குழந்தையின் மண்டையெலும்புகளுக்கிடையே இடைவெளி இருப்பதும் மெய். அவை வளர வளர இறுக்கமாகப் பிணைந்துகொள்கின்றன. மண்டையின் அடியில் சதர்லாந்து முக்கியமாகக் கருதிய எலும்பு இணைப்பு, வாலிபப் பருவத்தோடு முற்றிலும் எலும்பாகிவிடுகிறது. 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், மயக்கத்தில் வைக்கப்பட்ட முயல்களின் மண்டையோட்டுப் பொருத்துவாயில் 5 முதல் 20 கிராம் வரை விசை செலுத்தியபோது எவ்வித அசைவும் பதிவாகவில்லை. ஒரு முயலில் 500 கிராமுக்கு மேல் செலுத்திய பின்னரே சிறிது அசைவு தென்பட்டது. சரிந்த விளிம்பு செவுளைப் போலிருந்தது உண்மை. ஆனால் ஒன்றைப் போலிருப்பது அதுவாகவே இருப்பதற்குச் சான்றாகாது.

நிறையும் குறையும்

மசாஜுக்கு மட்டும் எல்லாச் சான்றும் உண்டென்று சொல்லிவிடவும் நமக்கு உரிமையில்லை. தேய்த்தால் உடலின் நச்சுகள் வெளியேறும் என்று விளம்பரங்கள் கூறுவதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. கீழ்முதுகு வலி பற்றிய 25 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான காக்ரேன் மறுஆய்வு, சிகிச்சையே இல்லாதோரைக் காட்டிலும் மசாஜ் பெற்றோருக்குச் சில வாரங்கள் வரை வலி குறைந்ததைக் கண்டது. ஆயினும் சான்றின் தரம் தாழ்ந்ததே என்று எச்சரித்தது. அதனினும் நெஞ்சைத் தொடுவது, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் பற்றிய ஆய்வு. உளவியலறிஞர் டிஃபனி ஃபீல்டும் அவர் குழுவினரும் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், பத்து நாள்கள் தொடர்ந்து நாளொன்றுக்கு 45 நிமிடம் உருவப்பெற்று, கைகால் அசைக்கப்பெற்ற குழந்தைகள், மற்றக் குழந்தைகளைவிட நாள்தோறும் 47 சதவிகிதம் கூடுதலாக எடை பெற்றன. பிற்காலத்தில் அதே குழுவினர், மிக மெல்லிய தொடுதலைவிட மிதமான அழுத்தமே எடை கூடத் துணைபுரிகிறது என்றும் கண்டனர். நம் பாட்டிமார் பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்தபோது கொடுத்த அழுத்தம் நினைவுக்கு வருகிறது.

அப்படியாயின், கிரேனியோசேக்ரல் சிகிச்சை பெற்று எழுந்தோர் பலர், உடல் இளகியது, உறக்கம் வந்தது, வலி தணிந்தது என்று சொல்வது பொய்யா? பொய்யன்று. அமைதியான அறை, ஒரு மணி நேரம், அவசரப்படாத ஒரு மனிதர், தலையை ஏந்தும் இரு கைகள். இவ்வளவும் ஒருங்கே கிடைத்தால் யாருக்குத்தான் உடல் இளகாது? மெல்லிய வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் மனிதத் தோலில் இருப்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1990-களில் காட்டினர். தொடுதல் தரும் ஆறுதலுக்கு உடலிலேயே வழி இருக்கிறது. அதற்கு எலும்புகள் அசையவேண்டியதில்லை. நாட்பட்ட வலி பற்றி 2020-ஐ ஒட்டி வெளியான ஒரு தொகுப்பாய்வு இச்சிகிச்சையால் ஓரளவு நன்மை உண்டு என்றது. பல்வேறு நோய்களையும் சேர்த்து 2024-ல் வெளியான மற்றொன்று, குறிப்பிடத்தக்க பயன் எதிலும் தெரியவில்லை என்றது. ஆறுதல் உண்டு, சிகிச்சையின் கோட்பாட்டுக்குச் சான்றில்லை. இன்றைய நிலையை இவ்வளவில் சுருக்கிச் சொல்லலாம்.

இது கல்விமான்களின் வாதம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிட முடியாது. காரணம், கேட்கும் கை தான் கேட்பதாகச் சொல்லும் எல்லையை விரித்துக்கொண்டே போகிறது. அப்லெட்ஜரே பிற்காலத்தில், பழைய காயங்களின் உணர்ச்சிகள் திசுக்களில் உறைந்து கிடக்கின்றன, அவற்றையும் விடுவிக்கலாம் என்று கற்பித்தார். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கும், வலிப்பு வரும் குழந்தைக்கும், ஓயாது அழும் கைக்குழந்தைக்கும் இதுவே வழி என்று சொல்வோர் உளர். தசை இறுகியிருக்கிறது என்று மசாஜ் செய்பவர் சொன்னால், நோயாளி தாமே அழுத்திப் பார்த்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லலாம். உன் பிள்ளையின் மண்டையெலும்பு பூட்டிக்கொண்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அந்தத் தாய் எதைக்கொண்டு சரிபார்ப்பாள்? நம்புவதைத் தவிர அவளுக்கு வழியில்லை. நம்பிக்கையோடு பணமும் செலவாகும். அவற்றினும் அரியதான காலமும் செலவாகும். மூளைச்சவ்வுக் காய்ச்சலில் ஒரு பகல் வீணானால் ஓர் உயிர் போகலாம். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஸ்டில்லின் வீட்டில் அன்று அந்நோய்க்கு மருந்து இல்லை, இன்று உண்டு. அவருடைய துயரத்திலிருந்து முளைத்த ஒரு கிளை, இன்றைய தாயை அந்த மருந்திடம் செல்லாமல் தடுத்துவிடலாகாது.

ஆகவே சில நடைமுறைத் தெளிவுகள் நமக்கு வேண்டும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் அதைத் தேய்க்கக் கூடாது. உள்ளே குருதி உறைந்திருக்கலாம். காய்ச்சலிலும் எலும்பு முறிவிலும் மசாஜ் ஆகாது. அண்மையில் தலையில் அடிபட்டவரும், மூளையில் குருதிக்கசிவு கண்டவரும் தலையைத் தொடும் எச்சிகிச்சைக்கும் முன் மருத்துவரைக் கேட்கவேண்டும். திடீரெனத் தாக்கும் கடுந்தலைவலி, கழுத்து விறைப்போடு வரும் காய்ச்சல், பாலருந்த மறுத்துச் சோர்ந்துகிடக்கும் குழந்தை ஆகியவற்றுக்கு முதலில் வேண்டியது மருத்துவமனை. மற்றபடி, உடல் சோர்ந்த ஒருவர் இளைப்பாறுதலை நாடி, அது இளைப்பாறுதல் என்றே அறிந்து, இவ்விரண்டில் எதைப் பெற்றாலும் அதில் நாம் குறைசொல்ல ஏதுமில்லை.

1894-ல் அந்த நான்கு பெண்கள் செய்ததை எண்ணிப் பார்க்கிறோம். தம் தொழிலின் மானம் காக்க அவர்கள் முதலில் செய்தது, தாம் செய்யக்கூடாதவற்றைப் பட்டியலிட்டதே. இது எங்களால் ஆகும், இது எங்களால் ஆகாது என்று எல்லை வகுத்ததால்தான், ஐயத்தின் நிழலில் கிடந்த ஒரு கைத்தொழில் மருத்துவமனைக்குள் இடம் பெற்றது. தொடும் கைக்கும் கேட்கும் கைக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை ஆராய்ந்து நாம் அடையும் பாடமும் அதுவே. நோயுற்றவன் தன் உடலை மற்றொருவர் கையில் கொடுக்கும்போது தன்னிடமுள்ள மிகப் பெரிய நம்பிக்கையைக் கொடுக்கிறான். அதைப் பெறும் கை மென்மையாயிருந்தால் நன்று, வலிமையாயிருந்தாலும் நன்று. தான் அறிந்ததை மட்டும் அறிந்ததாகச் சொல்லும் கையாக அது இருக்கவேண்டும்.